பூட்டிய வீடுகளின் நூலக வரி

செட்டிநாட்டில், கோட்டையூரிலோ கானாடுகாத்தானிலோ ஒரு தெருவில் நடந்து பாருங்கள். இந்தத் தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு என்று நீளும் வீடுகள். பலவற்றில் பெரிய பூட்டு தொங்கும். கல்யாணம், முன்னோருக்குச் செய்யும் படைப்பு என்றால் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து திறப்பார்கள். நாலைந்து நாள் முற்றத்தைச் சுற்றிய வளவில் விளக்கெரியும். அப்புறம் மறுபடி பூட்டு. வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதால் வரி நின்றுவிடுவதில்லை. சொத்து வரி கட்டும்போது ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் அதோடு சேர்ந்து போகிறது.

ஆக, இந்தப் பக்கத்து நூலகங்களில் சுற்றும் மின்விசிறிக்கும் மேசையில் கிடக்கும் நாளிதழுக்கும் ஆகிற செலவில் ஒரு பங்கு ஆளில்லாத வீடுகளிலிருந்து வருகிறது. கொடுப்பவர் ஒருவர், படிக்க வருகிறவர் வேறொருவர். எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு. இந்த வீடுகளைக் கட்டிய வணிகர்களான நகரத்தார் தங்கள் கடைகளில் மகமை என்று ஒரு பற்று எழுதி, கோயிலுக்கும் பாடசாலைக்கும் ஒதுக்குவார்களே, அதன் இன்றைய வடிவம் போலத்தான் இது தெரிகிறது. ஆனால் நூலகத்துக்குத் திட்டம் போட உட்காருகிறவர்களுக்கு இதில் ஒரு சேதி இருக்கிறது. இந்த ஊர்களில் வீடுகளை எண்ணி வாசகரைக் கண்டுபிடிக்க முடியாது. தெருவில் இறங்கி, இப்போது இங்கே இருப்பவர் யார் என்று பார்த்தாக வேண்டும்.

நூலக வரிக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1948-இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டம்தான் சுதந்திர இந்தியாவில் இப்படி வந்த முதல் சட்டம். கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் செட்டியார் அதைக் கொண்டுவந்தார். அதற்காகப் பல வருடம் எழுதியும் பேசியும் வந்தவர் சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு, அதன் கீழே மைய நூலகம், கிளை நூலகங்கள், ஊர்ப்புற நூலகங்கள், பகுதி நேர நூலகங்கள் என்று வளர்ந்து, இன்று தமிழ்நாடு முழுக்க 4,000-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. உள்ளாட்சி அமைப்புகள் வசூலித்து ஆணைக்குழுவுக்குக் கொடுக்கும் வரிதான் இவற்றுக்கு உயிர்நாடி. அந்தப் பணம் உரிய காலத்தில் கைமாறாமல் பாக்கி நிற்கிறது என்ற செய்தி பல மாவட்டங்களிலிருந்தும் அடிக்கடி வருகிறது. திட்டத்தைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் அந்தப் பாக்கியைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் எண்ணம். வராத பணத்தை நம்பிப் போட்ட திட்டம் கல்யாணப் பத்திரிகை மாதிரி அச்சடித்து வைக்கத்தான் உதவும்.

சட்டம் வருவதற்கு முன்பே இந்த மண்ணில் படிப்பதற்கான இடங்கள் உண்டு. 1909-இல் மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபை தொடங்கியது. 1917-இல் காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம் வந்தது; 1919-இல் பாரதியார் அங்கே வந்து போனார். ஊரில் யாருக்கு என்ன தேவை என்று அந்த ஊர்க்காரர்களே கூடிப் பேசி முடிவு செய்த இடங்கள் அவை. இன்று நாம் திட்டமிடல் என்று சொல்வதில் முக்கால் பங்கு அதுதான்.

சரி, ஒரு நூலகம் நன்றாக நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நூலக உலகம் இந்தக் கேள்விக்கு மூன்று விதமாகப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறது. முதலில், உள்ளே என்ன இருக்கிறது என்று எண்ணினார்கள்: தலைக்கு இத்தனை புத்தகம், இத்தனை சதுர அடி, இத்தனை பணியாளர். அமெரிக்காவில் 1966 வரை நாடு முழுமைக்கும் ஒரே தரநிலை என்று இப்படித்தான் வெளியிட்டார்கள். எல்லா ஊரும் ஒரே ஊர் இல்லை என்பது பிறகு உறைத்தது. 1980-இல் அங்கே வந்த திட்டமிடல் கையேடு, பொதுத் தரநிலையைத் தள்ளி வைத்துவிட்டு, ஒவ்வொரு நூலகமும் தன் ஊரை ஆராய்ந்து தன் இலக்கைத் தானே எழுதிக்கொள்ளட்டும் என்றது. 1982-இல் அதற்குத் துணையாக இன்னொரு கையேடு வந்தது. அது அலமாரியில் இருப்பதை விட்டுவிட்டு, வாசகருக்குக் கிடைத்ததை எண்ணச் சொன்னது. தலைக்கு எத்தனை வருகை, எத்தனை இரவல், கேட்ட கேள்விகளில் எத்தனைக்குப் பதில் கிடைத்தது, தேடி வந்த புத்தகங்களில் எத்தனை கையில் கிடைத்தன என்று.

மூன்றாவது விதம் இன்னும் கடினம். வந்து போனவரின் வாழ்க்கையில் என்ன மாறியது? 2015-இல் அமெரிக்கப் பொது நூலகச் சங்கம் இதற்கென்றே சின்னக் கேள்வித்தாள்களைத் தயாரித்துக் கொடுத்தது. புதிதாக எதைத் தெரிந்துகொண்டீர்கள், தன்னம்பிக்கை கூடியதா, தெரிந்துகொண்டதைப் பயன்படுத்தப் போகிறீர்களா, இங்கே கிடைக்கும் சேவைகள் பற்றி இப்போது அதிகம் தெரியுமா என்று நாலே விஷயம். 2014-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 16439 என்ற சர்வதேசத் தரநிலையும் நூலகங்களின் தாக்கத்தை எப்படி மதிப்பிடுவது என்பதைப் பற்றியதே.

பின்னிரண்டு விதங்களும் வருவதற்கு முன்பே, 1973-இல் ரிச்சர்ட் ஆர் என்பவர் விஷயத்தை இரண்டு கேள்விகளில் அடக்கிவிட்டார். இந்தச் சேவை எவ்வளவு நன்றாக இருக்கிறது? இதனால் எவ்வளவு நன்மை? இரண்டும் ஒன்று போலத் தோன்றும். பளிங்குத் தரை போட்டு, குளிர்சாதன வசதி செய்து, புத்தகங்களை ஒழுங்காக அடுக்கி வைத்த நூலகம் முதல் கேள்விக்கு நல்ல பதில் சொல்லிவிடும். இரண்டாவது கேள்வி வரும்போதுதான் பதிவேட்டைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

அந்தப் பதிவேட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செட்டிநாட்டு ஊர் ஒன்றின் கிளை நூலகத்தில் ஒரு வாரம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். வாசலை ஒட்டிய மேசையில் நீளவாக்கில் ஒரு நோட்டு, நூலில் கட்டிய பேனா. தேதி, பெயர், ஊர், கையெழுத்து. காலையில் முதலில் வருகிறவர்கள் நாளிதழ் படிக்கும் பெரியவர்கள். அவர்களில் ஒருவர் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பின்னால் வரும் மூன்று நண்பர்களுக்கும் சேர்த்துப் போட்டுவிடுவார். ஒருநாள் மூன்று பேரில் ஒருவர் வரவே இல்லை. நோட்டில் வந்திருந்தார்.

பத்து மணிவாக்கில் போட்டித் தேர்வுப் பிள்ளைகள் வருவார்கள். பையிலிருந்து சொந்தப் புத்தகத்தை எடுத்து வைத்து மதியம் வரை தலை நிமிராமல் படிப்பார்கள். நூலகத்தின் ஒரு புத்தகத்தைக்கூடத் தொடுவதில்லை. இரவல் கணக்கில் அவர்கள் பூஜ்யம். ஆனால் அந்தக் கட்டடத்தால் அந்த ஊரில் அதிகம் பயன் பெறுகிறவர்கள் யார் என்று கேட்டால், நான் அவர்களைத்தான் காட்டுவேன். அவர்கள் வீட்டில் இல்லாதது ஒரு மேசை, ஒரு விளக்கு, நாலு மணி நேர அமைதி.

புதன்கிழமை ஒரு ஆச்சி படியேறி வந்தார். மூன்று படிதான், கைப்பிடி இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். "தம்பி, பெரிய எழுத்துல எதுவும் இருக்கா? கந்தபுராணக் கதை மாதிரி?" என்று கேட்டார். நூலகர் நாலு அலமாரி தேடினார். "இல்லைங்க ஆச்சி, வந்தா சொல்லி அனுப்புறேன்" என்றார். ஆச்சி கொஞ்ச நேரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். கையெழுத்துப் போடவில்லை. அன்றைய நோட்டில் ஆச்சி வந்த தடயமே இல்லை, கேட்டது கிடைக்காமல் போனதும் இல்லை.

எல்லாவற்றையும்விட இதைத்தான் நான் பெரிய ஓட்டையாக நினைக்கிறேன். நம் நூலகங்களின் பதிவேடுகள் நடந்ததை எழுதுகின்றன. நடக்காமல் போனதை எழுத அவற்றில் இடமில்லை. 1982-ஆம் வருடக் கையேடு சொன்ன அளவைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, கேட்ட தலைப்பு கிடைத்ததா என்ற அளவைதான். செய்வதும் லேசு. சில நாட்களுக்கு வருகிற எல்லோரிடமும் ஒரு துண்டுச் சீட்டு கொடுக்க வேண்டும். என்ன தேடி வந்தீர்கள், கிடைத்ததா? அவ்வளவுதான். ஒரு பேச்சுக்கு, 100 தலைப்புகள் கேட்கப்பட்டு 55 கிடைத்தால் 55 சதவீதம். எண் கிடக்கட்டும், கிடைக்காத 45 தலைப்புகளின் பட்டியல் இருக்கிறதே, அதுதான் அடுத்த வருடத்துக்கான கொள்முதல் திட்டம். புத்தகத் தேர்வு பெரும்பாலும் மாநில அளவில் நடக்கும் நம் ஏற்பாட்டில், கீழே இருக்கும் ஒரு கிளை நூலகம் மேலே அனுப்பக்கூடிய வலுவான ஆவணம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளைப் பல நூலகங்களில் சுவரில் எழுதி வைத்திருப்பார்கள். நூல்கள் பயன்பாட்டுக்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர், வாசகரின் நேரத்தைக் காப்பாற்று, நூலகம் வளரும் உயிரி. இவற்றை அலங்காரமாகப் படித்துப் பழகிவிட்டோம். என் பார்வையில் ஒவ்வொன்றும் ஓர் அளவுகோல். இரண்டாவது விதியை அளக்கத்தான் அந்தத் துண்டுச் சீட்டு. நான்காவதை அளக்க ஒரு கைக்கடிகாரம் போதும்: ஒருவர் உள்ளே வந்ததிலிருந்து தேடியது கைக்கு வர எத்தனை நிமிடம்? முதல் விதியை அளக்க, ஒரு வருட இரவல் எண்ணிக்கையைப் புத்தக எண்ணிக்கையால் வகுத்தால் ஆயிற்று. 10,000 புத்தகம் இருந்து 4,000 இரவல் போயிருந்தால் 0.4. அதாவது சராசரியாக ஒரு புத்தகம் இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை வெளியே போகிறது.

ஆனால் மூன்றாவது விதியை அப்படி வகுத்துப் பார்த்து முடித்துவிட முடியாது. அதற்குச் சாட்சி கோட்டையூரிலேயே இருந்தது. அங்கே விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, வாழ்நாளெல்லாம் பழைய தமிழ்ப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் தேடித் தேடிச் சேர்த்தார். ஒரு சாதாரண நூலகத்தின் கழிவுப் பட்டியலில் முதலில் ஏறக்கூடியவை அவை: பாட்டுப் புத்தகங்கள், துண்டு வெளியீடுகள், அட்டை கிழிந்த மாத இதழ்கள். அவர் 1992-இல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, அதைத் தமிழ்நாட்டிலேயே வைத்துக் காக்க ஏற்பாடு செய்தது. 1994-இல் சென்னையில் அது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்று தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்கிறவர் அந்தப் பக்கம் போகாமல் இருக்க முடியாது. இரவல் கணக்கை மட்டும் வைத்து அளந்திருந்தால் அந்தப் புத்தகங்களுக்குக் கிடைத்திருக்கும் எண் பூஜ்யம்தான்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். பழைய வீடுகள் இடிபடும்போது தேக்குக் கதவும் எனாமல் பாத்திரமும் அங்கே வந்து சேரும். கதவுக்கு விலை உண்டு. அதே வீட்டின் பேரேடும் பத்திரிகைக் கட்டும் எங்கே போகின்றன என்பதுதான் என் கவலை. ஆகவே செட்டிநாட்டில் ஒரு நூலகத் திட்டம் எழுதினால், ஊரின் பழைய அச்சையும் ஏட்டையும் வாங்கி வைக்கும் வேலையைத் தனியாக ஒரு தலைப்பில் எழுத வேண்டும், அதைத் தனியாகவே அளக்கவும் வேண்டும். இரவல் போகும் நாவலையும் நூறு வருடப் பேரேட்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

எல்லா வேலையையும் எல்லா நூலகமும் செய்ய முடியாது என்பதை அமெரிக்கக் கையேட்டின் 1987-ஆம் வருடப் பதிப்பு வெளிப்படையாகச் சொன்னது. ஒரு பொது நூலகம் ஏற்கக்கூடிய 8 வேலைகளை அது வரிசைப்படுத்தியது. ஊர் கூடும் இடம், ஊர்ச் செய்திகள் கிடைக்கும் இடம், பள்ளி கல்லூரிப் படிப்புக்குத் துணை, தானாகக் கற்பவருக்குத் துணை, விரும்பிப் படிக்கும் நூல்களின் இடம், பள்ளி செல்லாச் சின்னக் குழந்தைகளின் முதல் வாசல், சந்தேகம் தீர்க்கும் இடம், ஆராய்ச்சி மையம். இவற்றில் ஒன்றிரண்டை முதன்மையாகவும் ஒன்றிரண்டைத் துணையாகவும் எடுத்துக்கொள், மீதியை விடு என்றது. விடுவதுதான் கஷ்டம். நம் ஊரில் யாரும் எதையும் விட்டுவிட்டதாக எழுதிக் கொடுக்கத் துணிவதில்லை.

காரைக்குடியில் இந்தத் தெரிவு இப்போது சற்று எளிதாகியிருக்கிறது. 2025 ஜனவரியில் அழகப்பா பல்கலைக்கழக வளாகத்தில் வளர்தமிழ் நூலகம் திறந்தாயிற்று. மதுரைக்குப் போனால் 2023-இல் வந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. ஆராய்ச்சிக்காரருக்குப் போக்கிடம் உண்டு. எனவே ஆத்தங்குடியிலோ பள்ளத்தூரிலோ இருக்கும் சின்ன நூலகம் ஆராய்ச்சி மையமாக ஆசைப்பட வேண்டியதில்லை. படிக்கும் பிள்ளைகளுக்கு மேசையும், சின்னக் குழந்தைகளுக்கு ஒரு பாயும் படப் புத்தகமும், முதியவருக்குப் பெரிய எழுத்தும் என்று மூன்றை எடுத்துக்கொண்டு அவற்றை உருப்படியாகச் செய்தால் போதும் என்பேன். ஆத்தங்குடியில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: நேரம். பூக்கல் என்னும் தரை ஓடு செய்யும் பட்டறையில் பகலெல்லாம் கண்ணாடிமேல் வண்ணம் ஊற்றி வேலை பார்ப்பவர் கை கழுவி வெளியே வரும் நேரத்தில் நூலகம் திறந்திருக்கிறதா? இந்த ஒரு கேள்விக்காகவே ஒரு வருடத் திட்டத்தை ஒதுக்கலாம். பணம் அதிகம் கேட்காத, பலன் அதிகம் தரும் மாற்றம் நேர மாற்றம்தான்.

இரண்டு எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். தலைக்கு இத்தனை என்ற கணக்கெல்லாம் மக்கள்தொகையால் வகுப்பவை. கையில் இருக்கும் கணக்கெடுப்பு 2011-ஐச் சேர்ந்தது. அதில் காரைக்குடி ஒரு லட்சத்துச் சொச்சம். அப்புறம் எத்தனை பேர் போனார்கள், வேலை தேடி எத்தனை பேர் வந்தார்கள் என்பதை அது சொல்லாது. ரேஷன் கடை, அங்கன்வாடி, பள்ளித் தலைமையாசிரியர் என்று விசாரித்தால் அதைவிடப் புதிய கணக்கு கிடைக்கும். இரண்டாவது, மாதிரி வாரம். வருடம் முழுக்க எண்ண முடியாது என்பதால் வழக்கமான ஒரு வாரத்தை எடுத்து எண்ணி 52-ஆல் பெருக்குவது அமெரிக்காவில் இருக்கும் வழக்கம். செட்டிநாட்டில் எது வழக்கமான வாரம்? தைப்பூசத்துக்குப் பழநி நடைப்பயணம் கிளம்பும் வாரமா, பிள்ளையார் நோன்பு வாரமா, ஆண்டுத் தேர்வு வாரமா? காலாண்டுக்கு ஒன்று என்று நாலு வாரம் எடுத்து, 13-ஆல் பெருக்கிக் கூட்டினால் ஓரளவு நெருங்கலாம்.

எத்தனை வருடத்துக்குத் திட்டம் போடுவது என்று கேட்டால் மூன்று என்பேன். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் நகரத்தார் கடைகளின் கணக்குக்குப் போன ஏஜெண்டுகளுக்கு மூன்று வருடம்தான் தவணை. போகும்போது என்ன கொடுத்தோம், வரும்போது என்ன இருக்கிறது என்று ஐந்தொகை என்னும் இருப்புக் கணக்கு போட்டு முதலாளி முன் வைப்பார்கள். வராக்கடனை மறைத்தால் அடுத்த தவணை கிடையாது. நூலகத்துக்கும் அப்படி ஓர் ஐந்தொகை போடலாம். மூன்று வருடத்துக்கு முன்பு எடுத்துக்கொண்ட மூன்று வேலைகள் எவை, ஒவ்வொன்றிலும் எங்கே தொடங்கினோம், எங்கே நிற்கிறோம், எது வராக்கடன். வரி கட்டுகிற வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருந்தாலும் அவருக்கும் ஒரு பிரதி போக வேண்டும். வாசகர் வட்டமும் புரவலர்களும் அதை வைத்துக்கொண்டு ஒரு மாலை உட்கார்ந்து பேசினால், நன்கொடை கேட்கும்போது என்னத்துக்கு என்று சொல்லத் தெரியும்.

நான் உட்கார்ந்திருந்த அந்த வாரத்தில், நூலகரின் சம்மதத்தோடு ஒரு நாற்பது பக்க நோட்டை மேசையில் வைத்தேன். அட்டையில் "கேட்டது, கிடைக்காதது" என்று எழுதியிருந்தேன். முதல் பதிவு ஆச்சியின் கந்தபுராணம். அடுத்து, பாவாடை தைப்பதற்கான அளவுப் புத்தகம். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் "பாம்பு பத்தி, படத்தோட" என்று தன் கையாலேயே எழுதினான். போட்டித் தேர்வுக்குப் படித்த ஒரு பெண் சனிக்கிழமை போகும்போது, "சாயங்காலம் 8 மணி வரை திறந்திருக்குமா?" என்று எழுதிவிட்டுப் போனாள். நூலகரிடம் விசாரித்தேன். நாலு தெரு தள்ளி ஒரு பெரிய வீடு, எப்போதும் பூட்டித்தான் இருக்கும். அதன் சாவியை வைத்துக்கொண்டு பின்கட்டில் குடியிருந்து வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரின் மகள் அவள்.